பஞ்சம் வருமுன்னே
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சம் என்றதும் மழையில்லாத வானமும் வெடித்த நிலமும் நம் கண்முன் வருகின்றன. மழை பொய்த்தால் விளைச்சல் போகும் என்பது உண்மைதான். ஆனால் இக்காலத்தில் மனிதர் கூட்டங்கூட்டமாய்ப் பட்டினியால் சாவதற்கு வேறு காரணங்களும் சேர வேண்டியிருக்கிறது.

2011ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பார்ப்போம். சோமாலியா, கென்யா, எத்தியோப்பியா ஆகிய மூன்று தேசங்களிலும் கடும் வறட்சி. ஆனால் ஐக்கிய நாடுகள் சபை பஞ்சம் என்று அறிவித்தது தென் சோமாலியாவில் மட்டுமே. ஏன்? அங்கே 1991 முதல் உள்நாட்டுப் போர். அல் ஷபாப் என்ற ஆயுதக் குழுவினர் பல நிவாரண நிறுவனங்களைத் தடைசெய்தார்கள். அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி அமெரிக்காவும் உதவியைக் குறைத்திருந்தது. ஆடுமாடுகள் செத்தன, கூலி வேலை இல்லை, தானிய விலையோ ஏறிக்கொண்டே போனது. சந்தையில் தானியம் இருந்தாலும் ஏழைக்கு வாங்கக் காசில்லை. 1943ல் வங்காளத்திலும் இப்படியே நடந்ததென்று அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

சோமாலியாவில் சுமார் 2,58,000 பேர் மாண்டனர். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பசியால் மெலிந்த உடம்பைத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் எளிதாய்க் கொண்டுபோயின.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது. பஞ்சம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை 2010லேயே தரப்பட்டது. உலகம் அசையவில்லை. 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டு, எலும்பும் தோலுமான பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகே பணம் வந்து குவிந்தது. அதற்குள் மாண்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

2017ல் அதே நாட்டில் மறுபடியும் வறட்சி. போரும் ஓயவில்லை. ஆனால் இம்முறை உதவி முன்னதாகவே போய்ச் சேர்ந்தது, பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

எகிப்தில் யோசேப்பு களஞ்சியங்களை நிரப்பியது பஞ்சம் வருமுன்னே. நாமோ படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட பிறகே பணப்பையைத் திறக்கிறோம். போரை நிறுத்த நம்மால் முடியாமற்போகலாம். எந்த வேளையில் கொடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. எச்சரிக்கை காதில் விழும்போதே கொடுப்போம். படம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.