மௌனம் சம்மதமா?
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



2020 ஊரடங்கின்போதுதான் நாம் செல்போனில் வீடியோ கூட்டம் போடப் பழகினோம். இப்போதும் பௌர்ணமி கிரிவலத்தன்று பஸ்ஸில் ஏற முடியாதபோதும், ஜவ்வாதுமலை உறுப்பினர்கள் இறங்கி வர முடியாதபோதும் அப்படித்தான் கூடுகிறோம். நல்ல வசதிதான். ஆனா, அதில் எங்களால் ஒரு தவறும் நடந்தது.

ஒரு குழுவில் கடன் தவணையை உயர்த்துவது பற்றி வீடியோவில் பேசினோம். ஓர் அக்கா மட்டும் எதுவும் சொல்லலை. பார்வை வேறெங்கோ இருந்தது. "அவங்களுக்கும் சம்மதம்தான்" என்று தீர்மானம் எழுத வைத்துவிட்டோம். அடுத்த மாதமே அவங்க தவணை நின்றுபோச்சு. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அவரு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. அவரு முன்னாடி எப்படிம்மா சொல்லுவேன்?" என்று அழுதாங்க.

பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தால், முந்தானையைத் திருகும் கையைப் பார்த்தே கேட்டிருப்போம். செல்போனில் முகமே தீப்பெட்டி அளவுதான். கேமரா ஓர் இடத்தில், முகங்கள் வேறு இடத்தில். அதனால் நம்மைப் பார்ப்பவரும் எங்கோ பார்ப்பதுபோல் தெரியும். சிக்னல் தாமதமானால், தயங்குவதுபோல் தோன்றும்.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் 71, 110 என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலுக்கு. இரண்டிலும் ஆட்கள் நேருக்கு நேர் இருக்கிறார்கள்! நமக்கோ நடுவில் ஒரு திரை. எனவே பார்த்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. பேசாத உறுப்பினரைப் பெயர் சொல்லி, முதலில் கேளுங்கள்.

2. "இப்போ பேச முடியாது" என்பதற்குக் குழுவுக்குள் ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் மேலே கேட்காதீங்க.

3. முகம் வாடியிருந்தால் எல்லார் முன்னாலும் காரணம் கேட்காமல், ஊக்குநர் பிறகு நேரில் போய்ப் பார்க்கட்டும்.

4. கடன் தீர்மானங்களை நேரில் கூடி, ஒவ்வொருவரிடமும் கேட்டு, கையெழுத்து வாங்கிய பிறகே முடிவு செய்யுங்கள்.

அந்த அக்காவின் தவணையைக் குழு பிறகு குறைத்துக் கொடுத்தது. இப்போது ஒழுங்காகக் கட்டி வருகிறார். முதல் நாளே கேட்டிருந்தால் அந்தக் கண்ணீர் தேவையே இல்லை. மௌனத்தைச் சம்மதம் என்று இனி நம் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம்.