கீற்றுமேகம்

நீல வானில் பஞ்சைப் பிய்த்து இழுத்தாற்போன்ற வெண்ணிழைகளை நாம் கண்டிருக்கிறோம். அதுதான் பனித்துகள்களால் ஆன கீற்றுமேகம். "இந்த வெயில் நாட்டில் பனியா, ஐயா?" என்று பிள்ளைகள் எங்களைக் கேட்பதுண்டு. மலேசியாவிலும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் நீர் உறையும் குளிர்தான். கீற்றுமேகம் அதற்கும் மேலே மிதக்கிறது.

அதன் அடிப்பாகத்தில் கருமை இராது. மெல்லிய கீற்று கதிரவனை மூடினாலும் தரையில் நம் நிழல் விழும். சல்லாத்துணி போல் பரந்துவிட்டால், நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் தோன்றும். கையை நீட்டி அளந்தால், நிலவுக்கும் வட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண். நிலவு கோட்டை கட்டியிருக்கிறது என்பார்களே, தோட்டத்துப் பாட்டிமார்! கதிரவனுக்கும் இவ்வட்டம் உண்டு. ஆனால் கதிரவனை நேரே நோக்கலாகாது.

நம் நாட்டுக் கீற்றுமேகங்களில் பல, இடிமேகத்தின் உச்சியிலிருந்து பிரிந்து வருபவை. பிற்பகலில் திடலில் பந்தாடும்போது வெண்திரை ஒரே திசையிலிருந்து விரிந்து வருகிறதா? அது புறப்படும் இடத்தைப் பாருங்கள். அங்கே கருமேகம் குவிந்திருந்தால், நாம் காண்பது இடிமேகத்தின் தலை. இங்கே வெயில் அடித்தாலும், மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி மின்னல் இறங்கக்கூடும். பந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ரப்பர் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.