கோர்வைத் தறியின் இரண்டாம் இருக்கை

(வாலாஜாபாத்தில் கூடிய நெசவாளர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



உக்ரைன் தேசத்துப் பாட்டிமார் ஈஸ்டர் பண்டிகைக்கு முன் கோழிமுட்டையின்மேல் உருக்கிய தேன்மெழுகால் கோடிட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு மூடிய இடத்தில் சாயம் பற்றாது. இவ்வாறே நிறத்தின்மேல் நிறமாகச் சித்திரம் எழும்பும். இதற்குப் பிசாங்கா என்று பெயர். பேத்தி அருகிலிருந்து பார்த்தே பழகுகிறாள். 2024-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவ்வித்தையை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. முட்டைக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். அவ்வித்தைக்கு ஒருவர் கையும், பள்ளிக்கூடம் விட்டபின் கிடைக்கும் மாலைப் பொழுதும் போதும். நமது கோர்வைக்கு அவை போதா. சங்கடம் இங்கேதான் இருக்கிறது.

ஐயம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் தறிக்குழியில் கால்வைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. கரையின் ஊடையிழை உடலின் ஊடையிழையை ஒவ்வொரு முறையும் பற்றிக்கொள்ள வேண்டும். நெய்பவர் தனியாக இதைச் செய்வது கடினம். ஆதலால் கரை நாடா போட ஒருவர் பக்கத்தில் அமர்கிறார்.

நெடுங்காலம் அங்கே அமர்ந்தது வீட்டுப் பிள்ளை. அறுந்த இழையை எப்படி முடிவது, முந்தானைப் பாவை உடல் பாவோடு இழையிழையாக இணைக்கும் பிட்னி வேலைக்கு விரல் எப்படி நடக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் பாட்டனார் கையைப் பார்த்தே அது கற்றது. ஏட்டுப் பாடம் ஒன்றுமில்லை. ஆனால் அதே இருக்கை பிள்ளையின் படிப்பையும் தின்றுவிட்டது. முன்பணம் வாங்கிய குடும்பங்களில் பிள்ளை தறியைவிட்டு எழுந்திருக்கவும் இயலவில்லை. 2010 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் அமலில் இருக்கிறது. பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம். அதில் எனக்கு ஐயமில்லை.

எனினும் ஆளில்லாமையால் அநேகர் உடலுக்கும் கரைக்கும் ஒரே ஊடை ஓடும் சேலைக்கு மாறிவிட்டனர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கோர்வையை விடாத பல வீடுகளில் இன்று அந்த இருக்கையில் மனைவி அமர்கிறார். கூலியோ கணவர் பெயரில் மட்டும் எழுதப்படுகிறது.

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் நம் பக்கத்துக் காஞ்சீபுரத்திலேதான் பதிவாயிற்று. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. 2005-06-இல் காஞ்சீபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். நாடா போட ஆள் கொண்டுவராது. அது சங்கத்தார் செய்ய வேண்டிய வேலை.

என் யோசனை இதுவே. பக்கத்து இருக்கையின் கூலியைக் கணக்கில் தனியாக, அமர்பவர் பெயரிலேயே எழுத வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய ஆணோ பெண்ணோ கற்க வந்தால், கற்கும் காலத்திலும் கூலி தர வேண்டும். கண் மங்கி நெய்ய முடியாத முதியவர் கற்பித்தால் அவருக்கும் சம்பளம் உண்டு. இதுவரை அவரை நாம் இலவச உபாத்தியாயராகவே வைத்திருந்தோம். பணம் எங்கே என்று கேட்பீர்கள். லாபத்தைப் பங்கிடுமுன் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கலாமா என்று பொதுச்சபை தீர்மானிக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து வேடிக்கை பார்க்கட்டும். நாடாவைத் தொட வேண்டாம்.

தீர்மானத்தின் நகல் காரியதரிசியிடம் இருக்கிறது. அதைப் படிக்குமுன், உங்கள் தறியில் பக்கத்தில் அமர்பவர் யார் என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள். அங்கத்தினர் விண்ணப்பத்தில் அப்பெயர்களை இன்றே எழுதிக்கொள்ளலாம்.