ஓர் ஆலயமும் அதனைக் கட்டிய தச்சர்களும்

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் பிரெய்ரிவில் என்னும் சிற்றூரில் புனித அந்திரேயா எபிஸ்கோப்பல் ஆலயம் உள்ளது. 1853-ஆம் ஆண்டு அதன் கட்டுமானம் தொடங்கிற்று. அதற்கான பொருள் பருத்தித் தோட்ட முதலாளிகளுடையது. உழைப்போ அவர்களிடம் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களுடையது. தலைமைத் தச்சர்களான பீட்டர் லீ, ஜோ கிளாஸ்கோ ஆகிய இருவரும் அடிமைகளே. செங்குத்தான கூரை, கூர்முனைச் சாளரங்கள், மரப்பலகைச் சுவர்கள் என யாவும் அவர்கள் கைவண்ணம். உட்புற மரவேலைக்குப் புகையிலைக் காம்புகளைக் காய்ச்சிய சாற்றால் நிறமேற்றினர். எளிய பொருளில் எத்துணை நுட்பம்!

பொதுவாக ஆலய வரலாறுகளில் பணம் கொடுத்தவர் பெயரே முன்னிற்கும். இங்கோ தச்சர் பெயரும் பதிவாகியுள்ளது. அதனாலேயே இதனை உங்கள்முன் எடுத்துரைக்கின்றேன். 1858-இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதோ 1865-இல்தான். 1973-இல் அக்கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.