ஆராய்ச்சிக்குப் பொருள் தேர்தல்

(சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர் பலர் இந்நாளில் முனைவர்ப் பட்டத்தின்பொருட்டு ஆராய்ச்சி செய்யப் புகுதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அவர்க்கு முதற்கண் நேரும் இடர் பொருளைத் தேர்தலேயாம். "யாது ஆராயப் போகின்றாய்?" என்று வினவின், "சோழர் வரலாறு" என்பர் சிலர், "நம் குலத்தின் பெருமை" என்பர் சிலர். முன்னது கடல், ஒருவன் சில ஆண்டுகளில் நீந்திக் கடத்தற்கரியது. பின்னதோ, விடையை முன்னரே வகுத்துக்கொண்டு சான்று தேடப் புகுவது. இவ்விரண்டும் ஆராய்ச்சிப் பொருளாகா.

ஆராய்ச்சிக்கு வேண்டுவது ஒரு வினா. அதன் விடை நமக்கு முன்னரே தெரிந்திருத்தல் கூடாது; அவ்விடையைத் தருதற்குரிய சான்று நம் கைக்கெட்டுவதாதல் வேண்டும்; குறித்த காலத்துள் அச்சான்று முழுவதையும் பார்த்து முடித்தல் இயல்வதாகவும் இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா 1966இல் அளித்த கட்டுரையொன்று, திருச்சிராப்பள்ளிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டே ஊர்களைப் பற்றியது. முன்னது உழவர்க்குரிய வெள்ளான்வகை ஊர்; பின்னது பிரமதேயம். சோழர் காலத்தில் இவ்வூர்களில் நிலம் யாருடையது என்பதே அவர் கொண்ட வினா. நிலத்தை விற்றவரும் கொடுத்தவரும் யாவரெனக் கல்வெட்டுகளில் நோக்கினார். ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் நிலமுடையராயிருந்தனர் என்றும், அல்லூரில் ஊரார் பொதுவில் உடையராயிருந்தனர் என்றும் கண்டார். அருகருகே இருந்தும் வகையால் வேறுபட்ட ஈரூர்களை ஒப்பிட்டமையே அவ்வாராய்ச்சியின் வலிமை. எனினும், இரண்டூர் கொண்டு சோணாடு முழுமைக்கும், எல்லாக் காலத்திற்கும் முடிவு கூறிவிடல் ஆகாதன்றோ? பிற்காலச் சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்தபோது, தனியுடைமை பரவிப் பெருகியதை அவரே எடுத்துரைத்தார்.

நம் மாணாக்கனும் இவ்வாறே தொடங்குக. தன் ஊர்க் கோயிலின் அச்சேறிய கல்வெட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொள்க; வேண்டியவற்றை மட்டும் பொறுக்குதல் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அரசன், ஆட்சியாண்டு, கொடுத்தவர், அவர்தம் ஊர், கொடுத்த பொருள் என ஏட்டில் வகுத்துக் குறிக்க. "கொடுத்தவர் உள்ளூராரோ, வெளியூராரோ? இந்நிலை காலந்தோறும் மாறிற்றோ?" என்பதே போதிய வினாவாகும். எது காணப்பட்டால் தன் கருத்துப் பிழையாகும் என்பதனையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்க. கல்வெட்டுகளிற் பெரும்பாலன கோயிற்கொடை குறித்தனவாதலின், கொடுக்க ஒன்றுமில்லாத ஏழை அவற்றில் அரிதாகவே தோன்றுவான். பெயர் காணாமையால் அவன் அவ்வூரில் இருந்திலன் எனக் கொள்ளற்க.

பெரியோர்களுக்கும் ஒன்று கூறுவாம். "நம் குலத்தார் அரசராயிருந்தனர் என நிறுவுக" என்று பிள்ளையை ஏவாதிருங்கள். மூவேந்தவேளான், பல்லவரையன் என்பன போல்வன அரசன் அளித்த பட்டங்கள். ஒரு பட்டம் நம் பெயரை ஒத்திருத்தலால் மட்டும் அதனைத் தாங்கியவன் நம்மவனாகான். கட்டளைக்கு எழுதிய நூலை நாம் கைதட்டி ஏற்போம். புறத்தேர்வாளரோ இரண்டு வினாக்களால் அதனைச் சாய்த்துவிடுவர். அப்போது தலைகவிழ்ந்து நிற்பவன் நம் பிள்ளையேயன்றி நாமல்லம். நாம் அளிக்கும் உதவிப்பணம் அவன் உணவுக்கும் நூலுக்குமே, முடிவுக்கு விலையன்று.

சிறு வினாவாயினும் மெய்யான விடை கண்டு வரும் பிள்ளையை, அவ்விடை நமக்கு உவப்பாயினும் அன்றாயினும், இவ்வவையில் முன்னிருக்கையில் அமர்த்துவோமாக.