கேட்டுக் கற்போம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சித்தூரில் இரயில்வே குமாஸ்தாவாகிய நான் பத்தாம் வகுப்பே பயின்றவன். திருப்பதியில் கல்லூரி பயிலும் என் மகள், ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் துகள்களாலான வாயுவைப் பற்றிக் கற்கத் தொடக்க நூல் எது என வினவினாள். விடையறியாது நாணினேன்.

1928இல் சென்னை வந்த ஜெர்மானிய அறிஞர் சோமர்பெல்டை மாணவர் சந்திரசேகர் தேடிச் சென்றார். அவர் கற்றவை பழமையாகிவிட்டன என்றுரைத்த அறிஞர், அச்சுக்குச் செல்லவிருந்த தம் கட்டுரையை அளித்தார். எலக்ட்ரான் வாயுவின் புதுக் கணக்கை அதில் கற்றவர், 1930இல் கப்பற்பயணத்தில் சார்புக் கொள்கையை அதனோடு இணைத்து, வெண்குறு விண்மீனின் நிறைக்கு எல்லை கண்டார். 1983இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் தந்தையாரும் இரயில்வே கணக்குத் தணிக்கையில் பணியாற்றியவரே!

வாயுக் கொள்கையையும் சார்புக் கொள்கையையும் முதலில் தனித்தனியே கற்று, பின்னர் இணைப்பதே முறை. "கூசாது ஆசிரியரை நாடிக் கேள், அம்மா" என்றேன். நம் சங்க நூலகத்திலும் அறிவியலுக்கோர் அலமாரி அமைப்போமாக!