மெக்சிக்கோவின் காலைச் சாப்பாட்டுக் கடை



மெக்சிக்கோ நகரிலே, சந்தைகளின் உள்ளும் குறுந்தெருக்களின் ஓரத்திலும், 'ஃபொந்தா' எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகள் உள்ளன. ஆறேழு மேசைகள், அவற்றின்மேற் பல நிற விரிப்புகள். சமைப்பவள் பெரும்பாலும் ஒரு வீட்டுத் தலைவி. பரிமாறுவோர் அவளுடைய பிள்ளைகளும் உறவினரும். நண்பகலில் இக்கடைகள் குறித்த விலைக்குத் தரும் சாப்பாடே பெயர்பெற்றது. ஆயினும், அக்கடைகளின் உயிர் காலை உணவிலேயே இருக்கிறது என்பேன்.

அந்நாட்டவர் பலர் காலையில் இருமுறை உண்பர். விடிந்ததும் கோப்பியும் இனிப்புப் பாணும். பத்து மணியளவில் வயிறார ஓர் உணவு. இந்த இரண்டாவதற்கே தொழிலாளரும் எழுதுவினைஞரும் குழந்தைகளோடு வரும் தாய்மாரும் அங்கே கூடுவர்.

அவ்வுணவுகளுட் சிறந்தது 'சிலாக்கிலெஸ்'. 'தோர்த்தில்லா' என்பது சோளமாவினாற் சுடும் மெல்லிய உறொட்டி. முதல்நாள் மிஞ்சிய உறொட்டியைத் துண்டுகளாக்கிப் பொரித்து, தக்காளியும் மிளகாயும் அரைத்த குழம்பிலே புரட்டி, முட்டையோ பாற்கட்டியோ மேலே இட்டுக் கொடுப்பர். பக்கத்திலே மசித்த அவரை விதை இருக்கும். பழஞ்சோற்றின் அருமை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்த உறொட்டியின் பின்னே பழைய அறிவொன்று மறைந்திருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கிய பின்னரே அரைப்பர். முன்னாளில் நம் அம்மி போன்ற கல்லிலே அரைத்தனர். இன்று பெரும்பாலும் இயந்திரம் அரைக்கிறது. சுண்ணாம்பு சேர்வதால், சோளத்திற் கட்டுண்டிருக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குப் பயன்படும் நிலையை அடைகிறது. சோளத்தை ஏற்றுக்கொண்டு இம்முறையை ஏற்காத வட இத்தாலியிலே, அதனையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் 'பெலாக்ரா' நோய் வாட்டியது. சோளம் கப்பலேறியது; சுண்ணாம்பு ஏறவில்லை.

மலிவு என்பது இக்கடைகளுக்கு எளிதில் வாய்ப்பதன்று. 2007ஆம் ஆண்டு சனவரியிலே சோளத்தின் விலை உயர, தோர்த்தில்லாவின் விலையும் ஏறியது. அரசாங்கம் வணிகரோடு உடன்பட்டு, கிலோவுக்கு 8.50 பேசோ என வரம்பு குறித்தது. அதன் பின்னரும் அம்மாத இறுதியில் மெக்சிக்கோ நகரிலே பல்லாயிரவர் ஊர்வலஞ் சென்றனர். மாளிகை உணவகம் இதனைத் தாங்கும். நாள்தோறும் வரும் அயலவரிடம் கூடுதற் காசு கேட்க நாணும் ஃபொந்தாக்காரி என் செய்வாள்? உறொட்டியைக் குறைப்பாளா, முட்டையைக் குறைப்பாளா?

இனி, கோப்பி. மட்பானையிலே நீரும் கரும்புச் சர்க்கரைக் கட்டியும் கறுவாப்பட்டையும் கொதிக்க, அதிலே கோப்பித்தூளை இடுவர். நம் இலங்கைக் கறுவாவை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் மெக்சிக்கோ முன்னிற்பது. அவர்கள் நாட்டு மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக நம் கறிச்சட்டிக்கு வந்தது. நம் கறுவா அவர்கள் கோப்பிப் பானைக்குப் போகிறது.